மார்ச் 7, பெர்பெத்துவா – பெலிசித்தா: 40 நிமிட வாசிப்புக்கு எதை எடுப்பது, எதை விடுவது?

நெய்தல்:

வணக்கம். பங்கு இளையோருக்காகத் தவக்காலத்தில் ஒரு மாலை வாசிப்பு ஏற்பாடாகிறது. நாடகம் கிடையாது. மேடை, வேடம், பின்னணி இசை எதுவும் இல்லாமல் மூன்று பேர் நின்று வாசிப்பார்கள். மொத்தம் 40 நிமிடம். எடுத்துக்கொண்டிருப்பது கி.பி. 203-இல் கார்த்தேஜ் நகரில் மறைசாட்சிகளாக இறந்த புனித பெர்பெத்துவா, புனித பெலிசித்தா ஆகியோரின் பாடுகள்.

கையில் கிடைக்கும் சுருக்க வரலாறுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்றில் சிங்கம் கடித்துக் கொன்றது என்று இருக்கிறது. இன்னொன்றில் பெலிசித்தாவுக்கு ஏழு மகன்கள். வேறொன்றில் அவர் பெர்பெத்துவாவின் வேலைக்காரி. பழைய நாட்காட்டி ஒன்றில் திருநாளே மார்ச் 6. ஆகவே கேள்விகள்:

பெர்பெத்துவா தன் கையால் எழுதியது எதுவரை? அதை எப்படிப் பிரித்து வாசிப்பது? மேலே சொன்ன முரண்களில் எது சரி? தவக்காலத்தில் வரும் இந்த நினைவைத் திருப்பலியில் எப்படிக் கொண்டாடுவது? விளம்பரத் தாளில் போட நம்பகமான பழைய படம் உண்டா? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

---

ஏட்டுச்சுவடி:

சகோ, முதலில் பிரிப்பதைப் பார்ப்போம். அது சரியானால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பாடுகளின் ஏடு, அதாவது இவர்கள் சிறைவாசத்தையும் சாவையும் சொல்லும் பழைய நூல், 21 சிறு அதிகாரங்கள் கொண்டது. 1, 2 தொகுப்பாளருடைய முன்னுரையும் அறிமுகமும். 3 முதல் 10 வரை பெர்பெத்துவா சிறையில் எழுதியது. 11 முதல் 13 வரை அவர்களுக்கு மறைக்கல்வி கொடுத்த சாத்தூருஸ் கண்ட காட்சி, அவரே எழுதியது. 14 முதல் 21 வரை மறுபடியும் தொகுப்பாளர். வட்டரங்கில் நடந்ததை இவர்தான் சொல்கிறார். பெர்பெத்துவா சாவதற்கு முந்தின நாளோடு நிறுத்திவிடுகிறார். நாளை நடப்பதை விரும்பியவர் எழுதட்டும் என்று சொல்லி முடிக்கிறார். எனவே ‘பெர்பெத்துவாவின் டைரியிலிருந்து’ என்று அறிவித்துவிட்டு வட்டரங்குக் காட்சியை வாசிப்பது தவறு. பல குழுக்கள் இங்கேதான் சறுக்குகின்றன. ஒரே ஆள் எல்லாவற்றையும் வாசிக்கும்போது ‘நான்’ திடீரென்று ‘அவள்’ ஆகிவிடுகிறது, கேட்பவர்களுக்குப் பிடி நழுவிவிடுகிறது.

மூன்று குரல் வைத்திருப்பது நல்லது. பெர்பெத்துவாவுக்கு ஒரு பெண். வயது இருபதை ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அவருக்கு அப்போது ஏறக்குறைய 22. சாத்தூருசுக்கு ஓர் ஆண். தொகுப்பாளருக்கு மூன்றாவது குரல். அவரவர் பகுதியை மற்றவர் தொடவே வேண்டாம். இடையில் வரும் தந்தை, நீதிபதி ஆகியோரின் பேச்சுக்குக்கூட ஆள் மாற்ற வேண்டாம். அப்பா அழுததையும் மகள்தான் எழுதியிருக்கிறார், அவர் குரலில் கேட்டால்தான் அதன் வலி தெரியும்.

நேரத்துக்கு என் கணக்கு இது. தொடக்கத்தில் யார் யார் கைதானார்கள் என்று 2 நிமிடம். 3-ஆம் அதிகாரத்துக்கு 5. பெர்பெத்துவா கனவில் கண்ட வெண்கல ஏணிக் காட்சி 4. தந்தையின் இரண்டாம் வருகையும் விசாரணையும் சேர்ந்து 5. தம்பி தினோக்ராத்தெஸ் வரும் இரண்டு காட்சிகள் 4. எகிப்தியனோடு மல்லுக்கட்டும் காட்சி 4. சாத்தூருஸ் 3, அதுவும் சுருக்கியே. பெலிசித்தாவின் பிரசவம் 4. கடைசி நாள் 9. நாற்பது வந்துவிடும். 1-ஆம் அதிகாரம் வேண்டாம். புதிய வெளிப்பாடுகளும் பழையவற்றுக்கு ஈடாகப் போற்றத்தக்கவை என்று வாதிடும் முன்னுரை அது. தனியாக ஒரு வகுப்பில் பேச வேண்டிய விஷயம், வாசிப்பில் வேகத்தைக் கெடுக்கும்.

பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. சாத்தூருஸ் வேறு, சாத்தூர்னினுஸ் வேறு. காதுக்கு இரண்டும் ஒன்றாகவே விழும். முதலாமவரை ஒவ்வொரு முறையும் ‘ஆசிரியர் சாத்தூருஸ்’ என்றே சொல்லுங்கள். கைதானவர்கள் ரெவொக்காத்துஸ், அவரோடு அடிமையாயிருந்த பெலிசித்தா, சாத்தூர்னினுஸ், செக்குந்துலுஸ், பெர்பெத்துவா ஆகிய ஐவர். எல்லாரும் திருமுழுக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்த இளம் வயதினர். ஆசிரியர் அந்தக் கூட்டத்தில் பிடிபடவில்லை, பிறகு தாமாகவே போய்ச் சேர்ந்துகொண்டார். செக்குந்துலுஸ் சிறையிலேயே இறந்துவிட்டார்.

இனி முரண்கள். பெலிசித்தாவுக்கு ஏழு மகன்கள் என்பது உரோமை நகரத்துப் புனிதை பெலிசித்தாவின் கதை. அவர் நினைவு நாள் நவம்பர் 23. பெயர் ஒன்று, ஆள் வேறு. கார்த்தேஜ் பெலிசித்தாவுக்குப் பிறந்தது ஒரே ஒரு பெண் குழந்தை.

அவர் அடிமை என்பது உண்மை. ஆனால் பெர்பெத்துவாவின் அடிமை என்று ஏட்டில் எங்கும் இல்லை. ரெவொக்காத்துசோடு அடிமையாயிருந்தவர் என்று மட்டுமே இருக்கிறது. பிற்காலச் சுருக்கங்கள் அவரை வேலைக்காரியாகவும், ரெவொக்காத்துசின் மனைவியாகவும் சேர்த்துக் கட்டிவிட்டன.

சிங்கம் இல்லவே இல்லை. பெண்கள் இருவர் மேலும் ஏவப்பட்டது ஒரு மூர்க்கமான பசு. வழக்கத்துக்கு மாறாக, பெண்களுக்குப் பெண் விலங்கு என்று இழிவுபடுத்தவே அது தேர்ந்தெடுக்கப்பட்டது என்று தொகுப்பாளர் சொல்கிறார். ஆண்களுக்குச் சிறுத்தை, கரடி, காட்டுப்பன்றி. படம் வரைபவர்களுக்கு மறைசாட்சி என்றாலே சிங்கம் நினைவுக்கு வருவதால் வந்த பிழை இது.

பசுவும் கொல்லவில்லை. இருவரையும் முட்டித் தள்ளியது. கடைசியில் எஞ்சியிருந்த எல்லாரும் வாளால்தான் இறந்தார்கள்.

---

கல்வெட்டு வாசகன்:

சட்டப் பின்னணியைக் கொஞ்சம் சேர்க்கிறேன். விசாரணைக் காட்சி வாசிக்கும்போது இது தெரியாவிட்டால் அரசாங்கம் வெறும் கொடுமைக்காரக் கூட்டமாக மட்டும் தெரியும், பெர்பெத்துவா எதை மறுத்தார் என்பது மங்கிப்போகும்.

ஆளுநர் இறந்துபோனதால் அவர் இடத்தில் மரண தண்டனை அதிகாரத்தோடு அமர்ந்தவர் ஹிலாரியானுஸ். இவர் கற்பனைப் பாத்திரம் அல்ல. அதே நகரத்தைச் சேர்ந்த கிறித்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனும் தம் நூல் ஒன்றில் இவர் பெயரைக் குறிப்பிடுகிறார். இவர் காலத்தில் கிறித்தவர்களின் கல்லறை நிலங்கள் கூடாது என்று கூட்டம் கூச்சலிட்டதைச் சொல்லும் இடம் அது. பேரரசர் செப்திமியுஸ் செவெருஸ். சிலர் ‘202-ஆம் ஆண்டு ஆணையால் கைது’ என்று உறுதியாக எழுதுகிறார்கள். அந்த ஆணை பற்றிய செய்தி பிற்கால ஏடு ஒன்றில் மட்டுமே வருகிறது, ஆய்வாளர்கள் பலர் அதை ஐயப்படுகிறார்கள். வாசிப்பில் ஆணை பற்றிப் பேசாமல் விட்டால் இழப்பில்லை.

ஹிலாரியானுஸ் கேட்டது சின்ன காரியம்தான். தந்தையின் நரையைப் பார், கைக்குழந்தையைப் பார், பேரரசர்களின் நலனுக்காகப் பலி செலுத்து. “செய்ய மாட்டேன்.” “நீ கிறித்தவளா?” “நான் கிறித்தவள்.” ஏட்டில் இவ்வளவுதான் இருக்கிறது. நீட்டி முழக்காதீர்கள். சில மேடை நாடகங்களில் இந்த இடத்தில் பெர்பெத்துவா இரண்டு பக்கம் வசனம் பேசுவார். ஏட்டில் இருக்கும் அந்தக் குறுகலே வலிமை. அடுத்த வரியில் ஹிலாரியானுசின் உத்தரவின்படி தந்தையைக் கீழே தள்ளிக் கோலால் அடிக்கிறார்கள். தன்னையே அடித்ததுபோல் வலித்தது என்று மகள் எழுதுகிறார். தீர்ப்பைக் கேட்டு மகிழ்ச்சியோடு சிறைக்குத் திரும்பியதாகவும் அதே பத்தியில் எழுதுகிறார். இரண்டையும் வாசகி ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும், ஒன்றை மறைத்து மற்றதைத் தூக்கக் கூடாது.

பெலிசித்தாவின் பிரசவத்துக்கும் சட்டக் காரணம் இருக்கிறது. கருவுற்ற பெண்ணுக்கு மரண தண்டனை நிறைவேற்ற உரோமைச் சட்டம் அனுமதிக்கவில்லை, பிறக்கும்வரை தள்ளிவைக்க வேண்டும். அவர் அப்போது எட்டு மாதம். தள்ளிவைத்தால் தோழர்களோடு சேராமல், பின்னால் வேறு குற்றவாளிகளோடு தனியாக இறக்க நேரும் என்பதே அவர் கவலை. இவர்களை விலங்குகள் முன் விடும் விளையாட்டு நாளுக்கு மூன்று நாள் முன்னால் எல்லாரும் கூடிச் செபித்தார்கள், உடனே வலி எடுத்தது. வேதனையில் கத்தியவரைப் பார்த்துச் சிறைப் பணியாள் ஒருவன், இதற்கே இப்படி என்றால் விலங்குகள் முன் என்ன செய்வாய் என்றான். இப்போது படுவதை நான் படுகிறேன், அங்கே என்னுள் இன்னொருவர் இருந்து எனக்காகப் படுவார், ஏனென்றால் நானும் அவருக்காகவே படுகிறேன் என்பது அவர் பதில். அவர் பேசியதாக ஏட்டில் வரும் நேர்ப் பேச்சு இது ஒன்றுதான். சரியாக வாசிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிறந்த பெண் குழந்தையைச் சபையைச் சேர்ந்த சகோதரி ஒருவர் தம் மகளாக வளர்த்தார்.

விளையாட்டு நடந்தது இளவரசர் கெத்தாவின் பிறந்த நாளுக்காக. இந்த ஒரு பெயர் ஏட்டின் காலத்தைக் கணிக்கப் பெரிதும் உதவுகிறது. கெத்தாவை 211 டிசம்பரில் அண்ணன் காரகல்லா கொலை செய்வித்துவிட்டு, அவர் பெயரைக் கல்வெட்டுகளிலிருந்து செதுக்கி நீக்கவும் செய்தான். அதற்குப் பின் இட்டுக்கட்டுபவர் எவரும் கெத்தாவின் பிறந்த நாளைத் தேடிப்பிடித்து எழுதியிருப்பார் என்று நம்புவது கடினம்.

பெர்பெத்துவாவின் கணவர் எங்கே என்று இளையோர் கட்டாயம் கேட்பார்கள். நல்ல குடும்பத்தில் பிறந்தவர், நன்கு கற்றவர், முறைப்படி மணமானவர் என்று தொகுப்பாளர் சொல்வதோடு சரி. பெர்பெத்துவா எழுதிய பகுதியில் கணவர் வருவதே இல்லை. இறந்துவிட்டார், விட்டு ஓடிவிட்டார் என்று கதை கட்டி நிரப்ப வேண்டாம். ஏட்டில் இல்லை என்று சொன்னாலே போதும்.

---

மாலைச்செபம்:

திருவழிபாட்டுக் கேள்விக்கு.

மார்ச் 7 பொது நாட்காட்டியில் கட்டாய நினைவு. ஆனால் கிட்டத்தட்ட எல்லா ஆண்டும் அது தவக்காலத்துக்குள் விழுந்துவிடும். தவக்கால வார நாளில் வரும் நினைவுக்குத் தனித் திருப்பலி கிடையாது. அன்றைய தவக்காலத் திருப்பலியையே, ஊதா உடையில், அன்றைய வாசகங்களோடு நிறைவேற்ற வேண்டும். திருப்பலித் தொடக்கத்தில் குரு சொல்லும் திருக்குழும மன்றாட்டில், புனிதர்களுக்கானதை மட்டும் அன்றைய மன்றாட்டுக்குப் பதிலாகச் சொல்லலாம், அதுவும் விருப்பம்தான். மறைசாட்சி என்பதால் சிவப்பு உடை எடுத்து வைத்துவிடுவதுதான் திருப்பண்ட அறையில் வழக்கமாக நடக்கும் தவறு. சாம்பல் புதனுக்கு முன்பே மார்ச் 7 வந்து, சிவப்பு உடையோடு முழு நினைவாகக் கொண்டாட வாய்த்தது கடைசியாக 2011-இல். அந்த ஆண்டு சாம்பல் புதன் மார்ச் 9. ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் நினைவு அந்த ஆண்டுக்கு விடப்படும்.

முதல் நற்கருணை மன்றாட்டில் இவர்கள் பெயர் வருகிறது. நடு எழுந்தேற்றத்துக்கு (அப்பமும் இரசமும் அர்ச்சிக்கப்படும் பகுதிக்கு) பின், ‘பாவிகளாகிய எங்களுக்கும்’ என்னும் பகுதியில் பெலிசித்தா, பெர்பெத்துவா, ஆகத்தா, லூசியா, ஆக்னேஸ், செசிலியா, அனஸ்தாசியா என்று ஏழு பெண்கள். ஆனால் பர்னபாவுக்குப் பிறகு வரும் பெயர்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கின்றன, குருவானவர் விரும்பினால் விட்டுவிடலாம், பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். வாசிப்பு நாளன்று முதல் மன்றாட்டைத் தேர்ந்து, அடைப்புக்குறிக்குள் உள்ளதையும் வாசிக்கும்படி பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மாலையில் கதையைக் கேட்கப்போகும் பிள்ளைகள் காலையில் அந்தப் பெயர்களைப் பலிபீடத்திலிருந்து கேட்டிருந்தால் அது தனி நிறைவு.

மார்ச் 6 எப்படி வந்தது என்றால், புனித தோமா அக்குவினாஸ் 1274 மார்ச் 7-இல் இறந்தவர். அவர் திருநாள் அந்த நாளைப் பிடித்துக்கொண்டதால் பெர்பெத்துவாவும் பெலிசித்தாவும் வெறும் நினைவுகூரலாகச் சுருங்கிப்போனார்கள். 1908-இல் பத்தாம் பத்திநாதர் காலத்தில் மார்ச் 6-க்கு நகர்த்திச் சொந்தத் திருநாள் கொடுத்தார்கள். 1969 சீர்திருத்தத்தில் அக்குவினாசை சனவரி 28-க்கு மாற்றிவிட்டு, இவர்கள் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். 1908-க்கும் 1969-க்கும் இடையில் அச்சான திருப்பலிப் புத்தகம், நாட்காட்டி எல்லாவற்றிலும் மார்ச் 6 இருக்கும். கிழக்கு ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் பிப்ரவரி 1.

மார்ச் 7-தான் மூத்த நாள் என்பதில் ஐயமில்லை. 354-ஆம் ஆண்டின் உரோமை நாட்காட்டியிலேயே அது பதிவாகியிருக்கிறது. அந்தப் பட்டியலில் ஆப்பிரிக்காவிலிருந்து இடம்பெற்றவர்கள் இவர்களும் ஆயர் சிப்பிரியானும் மட்டுமே.

---

நெய்தல்:

எல்லாருக்கும் நன்றி. கணக்கு வைத்து வாசித்துப் பார்த்ததில் மூன்று இடங்கள் இடிக்கின்றன. ஒன்று, குழந்தைக்குப் பால் கொடுப்பது பற்றிய வரிகள். சின்னப் பிள்ளைகளும் இருப்பார்கள், வெட்டிவிடலாம் என்று குழுவில் ஒரு கருத்து. இரண்டு, தினோக்ராத்தெஸ். திருமுழுக்குப் பெறாமல் இறந்த தம்பிக்காகச் செபித்ததா என்று கேட்டால் என்ன சொல்வது? மூன்று, எகிப்தியனோடு மோதும் காட்சியில் ‘நான் ஆணாக மாறினேன்’ என்று வருகிறது. இதை விட்டுவிடலாமா?

---

ஏட்டுச்சுவடி:

பால் பற்றிய வரிகளை வெட்டாதீர்கள், தயவுசெய்து. அவற்றை எடுத்துவிட்டால் அந்த ஏட்டின் உயிர் போய்விடும்.

வரிசையாகப் பாருங்கள். சிறைக்குள் தள்ளியதும் இருட்டு, நெரிசல், வெக்கை, காவலர்களின் பணப் பிடுங்கல். இதுபோல் ஓர் இருட்டை முன்பு கண்டதில்லை என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையைப் பற்றிய ஏக்கம் அரிக்கிறது. தெர்சியுஸ், பொம்போனியுஸ் என்னும் இரு திருத்தொண்டர்கள் காவலர்களுக்குக் காசு கொடுத்து, சில மணி நேரம் நல்ல பகுதிக்கு மாற்றிவிடுகிறார்கள். அங்கேதான் பசியில் துவண்டுபோன பிள்ளைக்குப் பால் கொடுக்கிறார். பிறகு குழந்தை தன்னோடே சிறையில் இருக்க அனுமதி கிடைக்கிறது. உடனே சிறை எனக்கு அரண்மனை ஆகிவிட்டது, வேறெங்கும் இருக்க விரும்பவில்லை என்று எழுதுகிறார். தண்டனைத் தீர்ப்புக்குப் பின் பொம்போனியுசை அனுப்பிக் குழந்தையைக் கேட்கிறார், தந்தை தர மறுக்கிறார். பிள்ளை அதன்பின் பாலைத் தேடவில்லை, தனக்கும் மார்பில் கட்டு விழவில்லை, இறைவன் அப்படி அருளினார் என்று குறிக்கிறார். பால்குடி மறக்கடித்த எந்தத் தாய்க்கும் அந்த வரி புரியும். பண்டைக் காலத்துப் பெண் ஒருவர் தம் உடலைப் பற்றித் தாமே எழுதி நமக்குக் கிடைத்தவை மிகச் சொற்பம். கூச்சப்பட எதுவுமில்லை, சாதாரணக் குரலில் வாசித்தால் பிள்ளைகளும் சாதாரணமாகவே கேட்பார்கள்.

தினோக்ராத்தெஸ் ஏழு வயதில் முகத்தில் புற்றுநோய் வந்து இறந்த தம்பி. முதல் காட்சியில் இருண்ட இடத்திலிருந்து வருகிறான், வெக்கையும் தாகமும், முகத்தில் அதே புண். முன்னால் நீர் நிறைந்த தொட்டி, விளிம்போ அவன் உயரத்துக்கு மேல். எட்டி எட்டிப் பார்க்கிறான். அக்கா இரவும் பகலும் அழுது செபிக்கிறார். தொழுமரத்தில் கால் மாட்டியிருந்த நாளில் இரண்டாம் காட்சி. அதே தொட்டியின் விளிம்பு அவன் தொப்புள் அளவுக்கு இறங்கியிருக்கிறது, விளிம்பில் பொற்கிண்ணம், குடிக்கக் குடிக்கக் குறையவில்லை. புண் இருந்த இடத்தில் தழும்பு. குடித்துவிட்டுக் குழந்தைகள்போல் விளையாடப் போகிறான்.

அவன் திருமுழுக்குப் பெற்றவனா இல்லையா என்று ஏடு சொல்லவில்லை. இந்தச் சண்டை புதிதல்ல. திருமுழுக்கு இல்லாத குழந்தைகளும் மீட்படைவார்கள் என்பதற்கு விக்தோர் என்பவர் இந்தக் காட்சியை ஆதாரம் காட்டினார். ஆன்மாவைப் பற்றிய தம் நூலில் புனித அகுஸ்தீன் மறுமொழி எழுதினார். இந்த ஏடு திருமறை நூல்களில் சேர்ந்ததல்ல, அதை வைத்துக் கோட்பாடு நிறுவ முடியாது, சிறுவன் திருமுழுக்குப் பெற்றிருக்கவும் கூடும் என்பது அவர் வாதம். அதே அகுஸ்தீன்தான் இவர்கள் திருநாளில் ஏடு வாசிக்கப்பட்ட பின் மறையுரைகள் ஆற்றியவர், அவற்றில் சில இன்றும் இருக்கின்றன. 397-ஆம் ஆண்டுக் கார்த்தேஜ் சங்கமும் மறைசாட்சிகளின் ஆண்டு நாளில் அவர்கள் பாடுகளை ஆலயத்தில் வாசிக்க இசைவு தந்தது. ஆகவே உங்கள் வாசிப்புக்கும் பழைய முன்மாதிரி இருக்கிறது. பிள்ளைகளிடம், இறந்த தம்பிக்காக ஓர் அக்கா செய்த செபம் என்று சொல்லுங்கள், அதுவே ஏட்டில் உள்ளது.

எகிப்தியன் காட்சியை விடவே கூடாது. அதுதான் அவர் கண்ட கடைசிக் காட்சி. திருத்தொண்டர் பொம்போனியுஸ் வந்து சிறைக் கதவை ஓங்கித் தட்டுகிறார், கையைப் பிடித்துக் கரடுமுரடான வழியில் வட்டரங்குக்கு அழைத்துப் போகிறார். விலங்குகளை எதிர்பார்த்து நிற்கிறார், வருவதோ எகிப்திய மல்லன். ஆடை களைந்து எண்ணெய் தேய்க்கும்போது ‘ஆணானேன்’ என்கிறார். ஆனால் வென்ற பிறகு போட்டி நடத்துபவர் அவரை ‘மகளே, உனக்கு அமைதி’ என்றுதான் வாழ்த்துகிறார். இரண்டு வரியும் இருக்கட்டும். ஒன்றை மட்டும் வாசித்தால்தான் தவறான விளக்கம் கிளம்பும். மல்லுக்கட்டு அந்தக் காலத்தில் ஆண்கள் விளையாட்டு, கனவு அந்த விளையாட்டின் உருவத்தை எடுத்துக்கொள்கிறது என்று ஒரு வரி சொன்னால் போதும். ஏணிக் காட்சியில் பாம்பின் தலையை முதல் படியாக மிதித்தவர், இங்கே மல்லன் தலையை மிதிக்கிறார். வாசகிக்கு இந்தத் தொடர்பை முன்பே சொல்லிவையுங்கள், குரல் தானாக அங்கே நிற்கும்.

கடைசி நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே நிகழ்ச்சிகள் நெருக்கமாக வருவதால் வாசிப்பவர் அவசரப்படுவார். வாசலில் ஆண்களுக்குச் சாட்டர்ன் கோவில் பூசாரிகளின் உடையும் பெண்களுக்குச் செரெஸ் தெய்வப் பூசாரிணிகளின் உடையும் மாட்டப் பார்க்கிறார்கள். இதற்கு உடன்படாமல் இருக்கத்தானே உயிரைக் கொடுக்கிறோம் என்று பெர்பெத்துவா மறுக்க, அதிகாரி விட்டுக்கொடுக்கிறார். பசு முட்டித் தூக்கி எறிந்ததும் அவர் செய்யும் முதல் வேலை கிழிந்த ஆடையை இழுத்துத் தொடையை மறைப்பது. அடுத்தது ஊசி கேட்டு வாங்கிக் கலைந்த தலையை முடிவது. தலைவிரிகோலம் துக்கத்தின் அடையாளம், வெற்றி நேரத்தில் அது பொருந்தாது என்று தொகுப்பாளர் காரணம் சொல்கிறார். தமிழ் கேட்பவர்களுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. பிறகு எழுந்துபோய், கீழே கிடந்த பெலிசித்தாவுக்குக் கை கொடுத்துத் தூக்குகிறார். உயர்குடிப் பெண்ணும் அடிமைப் பெண்ணும் ஒன்றாக நிற்கும் இந்த இடத்தில் மூன்று வினாடி நிறுத்துங்கள்.

கடைசியில் ஒருவருக்கொருவர் அமைதி முத்தம் கொடுத்துவிட்டு அசையாமல் வாளை ஏற்கிறார்கள். ஏணியில் முதலில் ஏறிய ஆசிரியர் சாத்தூருஸ்தான் முதலில் இறக்கிறார். பெர்பெத்துவாவை வெட்ட வந்தவன் புதியவன், வாள் எலும்பில் பட்டு அவர் அலறுகிறார். பின் நடுங்கும் அவன் கையைத் தாமே பிடித்துத் தொண்டையில் வைக்கிறார். அந்த அலறலை விழுங்கிவிட்டு வீரத்தை மட்டும் வாசிப்பது பல சுருக்கங்களில் உள்ள குறை.

---

கல்வெட்டு வாசகன்:

ஏடு நம் கைக்கு வந்த வழியையும் அறிமுகத்தில் ஒரு வரி சேர்க்கலாம். மோந்தே கசினோ மடத்தில் லூக்காஸ் ஹோல்ஸ்தேனியுஸ் கண்டெடுத்த இலத்தீன் சுவடி, அவர் இறந்த பின் 1663-இல் அச்சானது. கிரேக்க வடிவம் எருசலேமில் 1889-இல் ரெண்டல் ஹாரிஸ் கண்ணில் பட்டது. எது மூலம் என்று கொஞ்ச காலம் விவாதம் நடந்தது, இன்று பெரும்பாலோர் இலத்தீனே முதல் என்கிறார்கள். கிரேக்கச் சுவடி நிகழ்ச்சியை பேரரசர்கள் வலேரியன், கல்லியேனுஸ் காலத்துக்குத் தள்ளிவிடுகிறது. அதாவது ஐம்பது ஆண்டு பிசகு. இணையத்தில் 250-களில் இறந்ததாகக் காணும் குறிப்புகளின் மூலம் இதுதான். தொகுத்தவர் தெர்த்துல்லியனே என்று பழைய நூல்கள் சில சாதிக்கும். அதற்கு உறுதியான சான்றில்லை, வாசிப்பில் சொல்ல வேண்டாம். பெர்பெத்துவாவின் பகுதியும் தொகுப்பாளரின் பகுதியும் வேறு வேறு கை என்பதற்கு நடையே சாட்சி. அவருடையது சிறு சிறு வாக்கியம், ‘பிறகு... பிறகு...’ என்று போகும். தொகுப்பாளருடையது அலங்காரம்.

இடம் பற்றி: கார்த்தேஜ் இன்றைய துனிசியாவில், தூனிஸ் நகரத்தின் கடலோரப் புறநகர். வட்டரங்கின் சிதைவுகள் பீர்சா குன்றுக்கு மேற்கே இருக்கின்றன. களத்தின் வடிவம் தெரியும், இருக்கைகளின் கல் எல்லாம் எப்போதோ போய்விட்டது. இவர்கள் நினைவாக அங்கே ஒரு தூணும் சிற்றாலயமும் உண்டு. ஒரு எச்சரிக்கை: ஏடு இதைப் படைமுகாம் விளையாட்டு என்கிறது. ஆகவே நடந்தது இதே வட்டரங்கில்தான் என்று ஒரே அடியாகச் சொல்வதைவிட, இந்த நகரத்தில் என்று சொல்வது பாதுகாப்பு. அடக்கம் செய்யப்பட்டது ‘மாயோரும்’ பசிலிக்காவில் என்று ஐந்தாம் நூற்றாண்டின் விக்தோர் தெ வீத்தா எழுதுகிறார். அதன் அடித்தளத்தை வெள்ளைத் தந்தையர் சபையின் தெலாத்ர் அகழ்ந்தபோது, 1907-இல் இவர்கள் பெயர் பொறித்த பலகை துண்டு துண்டாகக் கிடைத்தது.

படத்துக்கு இத்தாலியின் ராவென்னா. பேராயர் இல்லத்துச் சிற்றாலயத்தில், சுமார் 500-ஆம் ஆண்டைச் சேர்ந்த மொசைக் வட்டங்களில் இருவரும் தனித்தனி முகமாக, பெயரோடு இருக்கிறார்கள். அங்கேயே புதிய புனித அப்போலினாரே ஆலயச் சுவரில், கையில் மணிமுடி ஏந்திச் செல்லும் பெண் புனிதர்களின் வரிசையிலும் உண்டு. விளம்பரத் தாளுக்கு முதலாவது பொருந்தும், சிறிதாக அச்சிட்டாலும் முகம் தெளிவாக விழும். இணையத்தில் தேடும்போது பெயர்ப் பொறிப்பைப் பார்த்து எடுங்கள். பக்கத்திலேயே செசிலியா, யூஜேனியா, தாரியா, யூஃபேமியா ஆகியோரின் வட்டங்களும் இருப்பதால் ஆள் மாறிப்போக வாய்ப்பு அதிகம்.

---

நெய்தல்:

பால் வரிகள், ஆணான வரி, அலறல் மூன்றும் இருக்கும். சாத்தூருசின் காட்சியில் ஆயர் ஒப்தாத்துசும் குரு அஸ்பாசியுசும் மனத்தாங்கலோடு நின்று சமாதானம் செய்துவைக்கக் கேட்பதையும், பெர்பெத்துவா அவர்களோடு கிரேக்கத்தில் பேசுவதையும் மட்டும் எடுத்து 3 நிமிடத்துக்குள் அடக்கியாயிற்று. விளம்பரத் தாளில் ராவென்னா வட்டங்கள் இரண்டும் பக்கத்துக்குப் பக்கம், மேலே ‘கார்த்தேஜ், கி.பி. 203’. முதல் நற்கருணை மன்றாட்டுக்குப் பங்குத்தந்தை சம்மதித்திருக்கிறார்.